அண்டை வீட்டு ஆட்டம்

சிராக்யூஸ் பல்கலைக்கழக லாக்ரோஸ் அணி குவித்த கோப்பைகளுக்குப் பின்னால் இன்னும் தீராத ஒரு கடன் இருக்கிறது

2023 அக்டோபரில் மும்பையில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி, 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஐந்து ஆட்டங்களுக்கு இடம் கொடுத்தது. இந்தியப் பத்திரிகைகளின் கண்ணில் பட்டது ஒன்றுதான்: கிரிக்கெட். ஸ்குவாஷைச் சிலர் கவனித்தார்கள். அதே பட்டியலில் இருந்த லாக்ரோஸ் என்ற பெயர் பெரும்பாலான வாசகர்களுக்குப் புதிது. ஆனால் அந்தப் பெயரோடு ஒரு சங்கடமான கேள்வியும் ஒலிம்பிக்குக்குள் நுழைந்தது. ஓர் ஆட்டத்தை உலகத்துக்குக் கொடுத்த மக்கள், அதன் மிகப் பெரிய மேடையில் சொந்தப் பெயரில் களமிறங்க முடியுமா?

நியூயார்க் மாநிலத்தின் நடுவே இருக்கும் சிராக்யூஸ் நகருக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. அங்குள்ள பல்கலைக்கழகத்தின் ஆண்கள் லாக்ரோஸ் அணிக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. 1971ல் தொடங்கிய தேசியக் கல்லூரிகள் போட்டியில் 1983க்கும் 2009க்கும் இடையே மட்டும் 10 பட்டங்கள் வென்ற அணி அது. வேறு எந்தக் கல்லூரியும் அந்த எண்ணிக்கையைத் தாண்டியதில்லை. நகரின் தெற்கு எல்லையைத் தாண்டிச் சில மைல்கள் போனால் ஒனன்டாகா மக்களின் நிலம் வருகிறது. இன்று அவர்களிடம் எஞ்சியிருப்பது சுமார் 7,300 ஏக்கர். அமெரிக்கச் சட்டத்தின் மொழியில் அது ‘ரிசர்வேஷன்’. அவர்களைப் பொறுத்தவரை அது ஒரு தேசம். பல்கலைக்கழகம் நிற்கும் குன்றும் ஒரு காலத்தில் அவர்களுடைய நிலம்தான். அங்கே ஆடப்படும் ஆட்டமும் அவர்களுடையது.

ஆட்டம் எளிமையானது. நுனியில் சிறு வலை கட்டிய நீண்ட மட்டை, கெட்டியான ரப்பர் பந்து, மைதானத்தின் இரு முனைகளிலும் ஆறடிக்கு ஆறடி கோல். அணிக்குப் பத்துப் பேர். பந்தைக் கையால் தொடக் கூடாது. வலையில் ஏந்தி, மட்டையை ஆட்டியபடியே ஓடி, இன்னொருவரின் வலைக்கு எறிந்து, கடைசியில் கோலுக்குள் அடிக்க வேண்டும். ஹாக்கியின் வேகமும் கால்பந்தின் விரிவும் கொண்ட ஆட்டத்தில் ரக்பியின் இடிபாடுகளும் சேர்ந்தால் எப்படி இருக்குமோ அப்படி.

ஒனன்டாகாக்களுக்கு இது வெறும் விளையாட்டல்ல. மோஹாக், ஒனைடா, ஒனன்டாகா, கயூகா, செனகா, டஸ்கரோரா ஆகிய ஆறு தேசங்கள் சேர்ந்த கூட்டமைப்பின் பெயர் ஹோடனோஷோனி. இரொக்வாய் என்பது பிரெஞ்சுக்காரர்கள் வழியாக வந்த பெயர். இந்தக் கூட்டமைப்பின் நடுநாயகம் ஒனன்டாகா. ஆறு தேசங்களின் தலைவர்கள் கூடுவது அங்கேதான். படைத்தவன் கண்டு மகிழக் கொடுக்கப்பட்டது இந்த ஆட்டம் என்பது அவர்களின் நம்பிக்கை. ஊரில் ஒருவர் நோயுற்றால் அவருக்காக ஆடுவார்கள். ஆண் குழந்தை பிறந்தால் தொட்டிலில் சிறு மட்டை வைப்பார்கள். இறந்தவரோடும் மட்டை போகும்.

1630களில் இந்தப் பக்கம் வந்த பிரெஞ்சுப் பாதிரிகள் ஆட்டத்தைப் பார்த்து எழுதிவைத்தார்கள். லாக்ரோஸ் என்பதும் மட்டையைக் குறித்து அவர்கள் வைத்த பெயர்தான். 1860களில் மான்ட்ரியால் நகரப் பல் மருத்துவர் வில்லியம் ஜார்ஜ் பீர்ஸ் அதற்கு விதிமுறைகள் எழுதினார். மணிப்பூரின் சகோல் காங்ஜேயைப் பார்த்துப் பழகிய பிரிட்டிஷார் 1859ல் சில்சாரில் போலோ கிளப் தொடங்கியதும் ஏறக்குறைய அதே காலம். விதி எழுதியவர் கைக்கு ஆட்டம் போய்ச் சேரும் கதை எல்லா இடத்திலும் ஒன்றுதான். ஆனால் கனடாவில் அது இன்னும் ஒரு படி மேலே போனது. பூர்வகுடி ஆட்டக்காரர்கள் பணம் வாங்கி ஆடுகிறார்கள், அமெச்சூர்கள் அல்ல என்ற காரணத்தைச் சொல்லி 1880ல் தேசிய லாக்ரோஸ் சங்கம் அவர்களைப் போட்டிகளிலிருந்து விலக்கியது. ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர்கள் ஆடத் தகுதியற்றவர்கள் ஆனார்கள்.

சிராக்யூஸில் அணி பிறந்தது 1916ல். பயிற்சியாளர் லாரி காக்ஸ், பூங்காக்களையும் நிலக்காட்சிகளையும் வடிவமைப்பது பற்றிப் பாடம் நடத்திய பேராசிரியர். அவருடைய அணி 1920, 1922, 1924, 1925 ஆகிய ஆண்டுகளில் தேசிய அளவில் முதலிடம் பெற்றது. 1931ல் அவருடைய மாணவர் ராய் சிம்மன்ஸ் பொறுப்பேற்றார். அவர் 1970 வரை இருந்தார். 1971ல் அதே பெயர் கொண்ட மகன் வந்து 1998 வரை நீடித்தார். அப்பாவும் மகனுமாக அறுபத்தேழு ஆண்டுகள்!

இந்த நீண்ட காலத்தின் பெரும்பகுதியில் அணிக்கும் ஒனன்டாகாவுக்கும் இடையே இருந்த பாலம் மட்டைதான். ஹிக்கரி மரத்தைப் பிளந்து, ஆவியில் வேகவைத்து வளைத்து, மாதக்கணக்கில் உலரவைத்து, தோல் வாரும் நரம்பும் கொண்டு வலை பின்னினால்தான் ஒரு மட்டை. அந்த வித்தை பூர்வகுடிக் கைவினைஞர்களிடமே இருந்தது. கனடா எல்லையில் கார்ன்வால் தீவில் மோஹாக்குகள் வேலை பார்த்த தொழிற்சாலையிலிருந்துதான் உலகின் பெரும்பாலான மட்டைகள் வந்தன. 1968ல் அது தீக்கிரையானது. 1970ல் பிளாஸ்டிக் தலை கொண்ட மட்டை சந்தைக்கு வந்தது. அத்துடன் அண்டை வீட்டை நாடிப்போக வேண்டிய கடைசிக் கட்டாயமும் கல்லூரிகளுக்கு இல்லாமல் போயிற்று. ஒனன்டாகாவில் ஆல்ஃப் ஜாக்ஸ் மட்டும் 2023ல் இறக்கும்வரை மர மட்டை செய்துகொண்டிருந்தார்.

அணியின் வரலாற்றில் பேசித் தீராத ஆண்டு 1957. பத்து ஆட்டங்கள், பத்தும் வெற்றி. அந்த அணியில் ஜிம் பிரவுன் இருந்தார். பின்னர் கிளீவ்லண்ட் பிரவுன்ஸ் அணியில் அமெரிக்கக் கால்பந்தின் மாபெரும் ஆட்டக்காரர்களில் ஒருவராகப் பெயர் பெற்ற அதே பிரவுன். கறுப்பின மாணவர்களை விளையாட்டு அணிகளில் விரல்விட்டு எண்ணக்கூடிய காலம் அது. அந்தப் பருவத்தில் அவர் அடித்த கோல்கள் 43. மட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் ஓடினால் யாராலும் பந்தைத் தட்டிவிட முடியாது. மட்டையை ஆட்டிக்கொண்டே ஓட வேண்டும் என்ற விதி அவரால்தான் வந்தது என்று லாக்ரோஸ் வட்டாரத்தில் சொல்வார்கள். பிரவுன் 2023 மே மாதம் காலமானார்.

அதே அணியின் கோலில் நின்றவர் ஒரன் லயன்ஸ். ஒனன்டாகாக்காரர். 1930ல் பிறந்தவர். பள்ளிப் படிப்பை முடிக்காதவர். ராணுவத்தில் பாராசூட் படைப்பிரிவில் இருந்துவிட்டு ஊர் திரும்பி ஆடிக்கொண்டிருந்தவரைப் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுவந்தவர் மூத்த சிம்மன்ஸ். லயன்ஸ் நுண்கலைப் பிரிவில் சேர்ந்து 1958ல் பட்டம் பெற்றார். அவருக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தவர்களில் பயிற்சியாளரின் மகன் இளைய சிம்மன்ஸும் ஒருவர். அவருக்கும் சிற்பக்கலைதான் படிப்பு. ஒரு கறுப்பினத்தவர், ஒரு ஒனன்டாகா, ஒரு பயிற்சியாளர் மகன். ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்காத அந்த அணிக்கு அந்த ஆண்டின் தேசியப் பட்டம் கிடைக்கவில்லை. அப்போது பட்டத்தை முடிவு செய்தது இறுதி ஆட்டமல்ல, எதிரணிகளின் பலத்தைக் கணக்கிட்டு எடுக்கப்பட்ட முடிவு.

லயன்ஸ் கோலில் நின்ற அதே காலத்தில், அதே பல்கலைக்கழகத்தின் மைதானங்களில் இன்னொரு ‘இந்தியன்’ குதித்துக்கொண்டிருந்தான். இறகுக் கிரீடமும் தோலாடையும் அணிந்த ஒரு மாணவன். அணிகளின் சின்னமான ‘சால்டைன் வாரியர்’ வேடம் அது. 1931ல் மாணவர்களின் நகைச்சுவைப் பத்திரிகை ஒன்று, வளாகத்தில் அஸ்திவாரம் தோண்டியபோது 16ஆம் நூற்றாண்டு ஒனன்டாகா தலைவர் ஒருவரின் எலும்புகள் கிடைத்ததாக எழுதியது. முழுக் கட்டுக்கதை. ஆனால் அந்தக் கட்டுக்கதைத் தலைவருக்குச் சிலை வைத்தார்கள், வேடம் தைத்தார்கள். உயிரோடு இருக்கும் ஒனன்டாகாக்கள் சில மைல் தொலைவில் வசித்தார்கள். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. பூர்வகுடி மாணவர்கள் எதிர்ப்புத் தெரிவித்த பிறகு 1978ல்தான் அந்த வேடம் கலைந்தது. இன்று அணிகளின் சின்னம் ஒரு ஆரஞ்சுப் பழம்.

வேடம் கலைந்த சில ஆண்டுகளில் லாக்ரோஸ் அணிக்கு நல்ல காலம் பிறந்தது. 1983 இறுதி ஆட்டம். எதிரணி, இந்த ஆட்டத்தின் பழைய ஜமீனான ஜான்ஸ் ஹாப்கின்ஸ். ஒரு கட்டத்தில் 12-5 என்று பின்தங்கியிருந்த சிராக்யூஸ் 17-16 என்று வென்றது. இளைய சிம்மன்ஸுக்கு அது முதல் தேசியப் பட்டம். அன்று தொடங்கி 2004 வரை 22 ஆண்டுகள் தொடர்ந்து அணி அரையிறுதியில் இடம்பிடித்தது.

1988ல் கனடாவின் மேற்குக் கரையிலிருந்து வந்த இரட்டையர்கள் கேரி கெய்ட், பால் கெய்ட் ஆட்டத்தின் இலக்கணத்தையே மாற்றினார்கள். பென்சில்வேனியாவுக்கு எதிரான அரையிறுதியில் கேரி கோலுக்குப் பின்னாலிருந்து ஓடிவந்து, எம்பிப் பறந்து, குறுக்குக் கம்பத்துக்கு மேலாக மட்டையை நீட்டிப் பந்தை உள்ளே திணித்தார். அதையே இன்னொரு முறையும் செய்தார். கல்லூரி லாக்ரோஸில் அதுவரை யாரும் பார்த்திராத கோல். பிற்பாடு விதி அந்தப் பாய்ச்சலுக்குத் தடை போட்டது. 1988, 1989, 1990 என மூன்று ஆண்டுகளும் கோப்பை சிராக்யூஸுக்கே. ஆனால் ஒரு ஆட்டத்திலும் தோற்காமல் வென்ற 1990 பட்டம் பின்னர் பறிபோனது. பால் கெய்ட் கார் வாங்கிய கடனுக்குப் பயிற்சியாளரின் மனைவி ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தார். கல்லூரி ஆட்டக்காரருக்கு அப்படிச் சலுகை காட்டுவது அன்றைய விதிகளுக்கு விரோதம். சாதனைப் பட்டியலில் அந்த ஆண்டுக்கு நேராக இன்றும் சாம்பியன் பெயர் இல்லை.

பட்டியலில் வெற்றிடமாக நிற்கும் அந்த 1990ல் நடந்த இன்னொரு சம்பவத்துக்குத்தான் நீண்ட ஆயுள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் நடந்த உலகப் போட்டியில் இரொக்வாய் நேஷனல்ஸ் என்ற அணி முதல் முறையாகக் களமிறங்கியது. 1983ல் அதைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் சிராக்யூஸின் பழைய கோல்கீப்பர் லயன்ஸ். நியூயார்க்கில் விளம்பர ஓவியராக வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பிய அவர், ஒனன்டாகா தேசத்தின் மரபுக் காவலராகப் பொறுப்பேற்றிருந்தார். 1977ல் ஜெனீவாவுக்கும், 1992ல் நியூயார்க்கில் ஐ.நா. பொதுச்சபைக்கும் பூர்வகுடிகளின் வழக்கை எடுத்துச் சென்றவர். கூட்டமைப்பு ஒரு தேசம் என்பதைத் தீர்மானங்களால் மட்டுமல்ல, ஒரு அணியின் சட்டையாலும் சொல்லலாம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அமெரிக்கா, கனடா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா கொடிகளுக்குப் பக்கத்தில் ஹோடனோஷோனி கொடியும் பறந்தது. 110 ஆண்டுகளுக்கு முன்பு விலக்கப்பட்டவர்கள் சொந்தப் பெயரில் திரும்பி வந்தார்கள்.

பல்கலைக்கழகமும் மெல்ல மாறியது. 2000ல் பட்டம் வென்ற அணியின் தடுப்பாட்டக்காரர் மார்ஷல் ஏப்ரம்ஸ் ஒனன்டாகாக்காரர். அவருக்குப் பின் பிரெட் பக்டூத் வந்தார். ஆனால் ஆட்டத்தின் தாயகத்திலிருந்து ஒவ்வொரு ஆண்டும் ஆட்டக்காரர்கள் வரிசைகட்டி வந்தார்கள் என்று நினைத்தால் தவறு. பள்ளி மதிப்பெண்ணும் பணமும் வாசலில் நின்றன. ஜெரமி தாம்ப்சன் சிறுவயதில் மோஹாக் மொழியில் படித்தவர். ஆங்கிலப் பள்ளிக்கு மாறியபோது தடுமாறினார். முதலில் உள்ளூரின் இரண்டாண்டுக் கல்லூரியில் படித்துவிட்டுத்தான் சிராக்யூஸ் சட்டையை அணிய முடிந்தது. மைதானத்தில் அவருக்கு ஈடு சொல்ல ஆளில்லாத ஆட்டம்தான். தடுத்தது வகுப்பறை. தாய்மொழியில் தொடங்கி ஆங்கிலக் கல்லூரி வாசலில் நின்றவர்களுக்கு அந்தத் தடுமாற்றத்தை விளக்க வேண்டியதில்லை.

2005ல் பல்கலைக்கழகம் ஒரு திட்டத்தை அறிவித்தது. ‘ஹோடனோஷோனி வாக்குறுதி’ என்று பெயர். கூட்டமைப்பின் தேசங்களைச் சேர்ந்த, சேர்க்கைத் தகுதி பெறும் மாணவர்களுக்குக் கல்விக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் இலவசம். லாக்ரோஸ் ஆடத் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. வேடத்தைக் கலைத்ததைவிட இது பெரிய காரியம். பல்கலைக்கழக நிகழ்ச்சிகள், ஒனன்டாகா மக்களின் மண்ணில் நடக்கிறோம் என்ற அறிவிப்போடு தொடங்குவது பின்னர் வழக்கமானது. நிலம் அவர்களுடையது என்று ஒலிபெருக்கியில் சொல்வதற்குச் செலவில்லை. ஒரு மாணவனை நான்கு ஆண்டுகள் படிக்கவைக்கச் செலவாகும். அந்த வித்தியாசத்தில்தான் வாக்குறுதியின் மதிப்பு இருக்கிறது.

2009 இறுதி ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அண்டை வீட்டின் பங்கு என்னவென்று விளக்கம் தேவைப்படவில்லை. எதிரணி கார்னெல். நான்கு நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும்போது சிராக்யூஸ் 9-6 என்று பின்தங்கியிருந்தது. நான்கு விநாடிகள் பாக்கியிருக்கும்போது சமன் செய்தது. கூடுதல் நேரத்தில் பந்து கார்னெல் வசம். தடுப்பாட்டக்காரர் சிட் ஸ்மித் அதைப் பறித்தார். சற்று நேரத்தில் கோடி ஜேமிசன் கோல் அடித்தார். 10-9. ஸ்மித், ஜேமிசன் இருவரும் கனடாவின் ஒன்டாரியோவில் உள்ள ஆறு தேசங்களின் குடியிருப்பில் சேர்ந்து வளர்ந்த சிநேகிதர்கள். சிராக்யூஸின் பத்தாவது பட்டத்தைப் பறித்துக் கொடுத்ததும் அடித்து முடித்ததும் அந்த ஆட்டத்துக்குச் சொந்தக்காரர்களின் மட்டைகள்.

அடுத்த ஆண்டே அந்தச் சொந்தம் எவ்வளவு தூரம் செல்லும் என்பது தெரிந்துபோனது. 2010ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் உலகப் போட்டி. இரொக்வாய் அணி தங்கள் கூட்டமைப்பு வழங்கிய பாஸ்போர்ட்டுடன் புறப்பட்டது. 1923லேயே கயூகா தலைவர் டெஸ்கஹே அப்படியொரு பாஸ்போர்ட்டுடன் ஜெனீவா போயிருந்தார். அமெரிக்க அரசு முதலில் தயங்கிப் பின்னர் ஒரு முறை மட்டும் அனுமதித்தது. பிரிட்டன் விசா தர மறுத்துவிட்டது. அமெரிக்க பாஸ்போர்ட்டோ கனடா பாஸ்போர்ட்டோ வாங்கிக்கொண்டால் அன்றே விமானம் ஏறியிருக்கலாம். சிராக்யூஸின் பழைய மாணவர் பக்டூத் உட்பட அணியில் யாரும் அதற்கு இணங்கவில்லை. நியூயார்க்கில் காத்திருந்துவிட்டு ஆடாமலே வீடு திரும்பினார்கள். 2014, 2018, 2023 உலகப் போட்டிகள் மூன்றிலும் அந்த அணி வெண்கலம் வென்றது. 2022ல் அதன் பெயர் ஹோடனோஷோனி நேஷனல்ஸ் என்று மாறியது. அதே ஆண்டு பர்மிங்ஹாமில் நடந்த உலக விளையாட்டுகளில், ஒலிம்பிக் கமிட்டி இல்லாத தேசம் என்று முதலில் ஒதுக்கப்பட்டது. அயர்லாந்து தன் இடத்தை விட்டுக்கொடுத்தது. அதனால் ஆட முடிந்தது.

லாஸ் ஏஞ்சலஸ் விஷயத்திலும் தடை அதேதான். தேசிய ஒலிம்பிக் கமிட்டி இருக்கும் நாடுகளே அணி அனுப்ப முடியும் என்பது விதி. 2023 டிசம்பரில் அன்றைய அமெரிக்க ஜனாதிபதி பைடன் ஹோடனோஷோனி அணிக்கு ஆதரவாகப் பேசினார். சர்வதேச கமிட்டி விதியைச் சுட்டிக்காட்டியது. அந்த ஆட்டக்காரர்கள் அமெரிக்க அணியிலோ கனடா அணியிலோ சேர்ந்து ஆடலாம் என்றது. 2010ல் விமான நிலையத்தில் கிடைத்த அதே யோசனை.

விதிக்கும் ஒரு நியாயம் உண்டு. ஒரு கூட்டமைப்புக்குக் கதவைத் திறந்தால் இன்னும் எத்தனை பேர் வந்து நிற்பார்கள் என்ற அச்சம் அதற்குப் பின்னால் இருக்கிறது. ஆனால் தங்கள் சொந்த ஆட்டத்துக்காக இப்படி வாசலில் நிற்பவர்கள் வேறு யாராவது உண்டா என்ற கேள்விக்கு விதியில் பதிலில்லை. 1904 செயின்ட் லூயி ஒலிம்பிக்கில் லாக்ரோஸ் ஆடப்பட்டபோது மோஹாக் ஆட்டக்காரர்களின் அணி ஒன்று இறங்கி மூன்றாமிடம் பெற்றது என்பதும் ஒலிம்பிக் வரலாறுதான்.

1957ல் பிரவுன் முன்னால் ஓட, லயன்ஸ் கோலைக் காத்தார். 1988ல் கம்பத்துக்கு மேலாகப் பறந்த கேரி கெய்ட் 2021ல் சிராக்யூஸின் பயிற்சியாளர் ஆனார். 1916லிருந்து கணக்கிட்டால் அவர் ஐந்தாவது பயிற்சியாளர். 2025ல் அவருடைய அணி பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் அரையிறுதியை எட்டியது. தேசியப் பட்டம் மீண்டும் வரலாம். பல்கலைக்கழகம் தன் அண்டை வீட்டுக்குத் தர வேண்டியதில் ஒரு பகுதியைத் தந்துவிட்டது. தாமதமாகத்தான், ஆனாலும் தந்தது. ஆறு தேசங்களின் பிள்ளைகள் இன்று சிராக்யூஸின் ஆரஞ்சுச் சட்டையில் ஆடலாம். அமெரிக்காவின் சட்டையிலோ கனடாவின் சட்டையிலோ ஒலிம்பிக்கிலும் ஆடலாம். மும்பையில் எடுத்த முடிவு அவர்களுக்குத் தராதது ஒன்றுதான்: தங்கள் சொந்தச் சட்டை.